கல்லறைத் தோட்டத்து வாசல்

மே 19, வெள்ளி

புது நோட்டு, இருநூறு பக்கம். குருவானவராகிய என் மகள் எமீமாளுக்குக் கிடைத்திருக்கும் முதல் தனிச் சபை இது. ஆகவே ஒழுங்காக எழுதி வைக்கத் தீர்மானித்திருக்கிறேன். எழுதப்போவது பின்வருமாறு:

1. தயாளபுரம் சபையும் அதன் மக்களும்.
2. ஆராதனைகள், வருகை எண்ணிக்கையோடு.
3. என் உடல்நிலை. (சுருக்கமாக.)
4. என் மகளுடைய தைரியம். அவளுக்குப் பயம் என்பது கிடையாது. அது அவள் தாய் நவமணியிடமிருந்து வந்தது. நடப்பவற்றைத் தேதியோடு குறித்து வைத்தால் இது தானே விளங்கும்.
5. என் குறைகள். (பக்கம் போதாமல் போகலாம்.)

என் பெயர் ஞானாதிக்கம், வயது எழுபத்தேழு. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன். தலைமையாசிரியர் பதவி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மூட்டுவலி என்று காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு மூட்டுவலி இல்லை. நவமணி இறந்து ஒன்பது வருடமாகிறது. அன்றிலிருந்து எமீமாள் போகிற ஊருக்கெல்லாம் அவளுடைய பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாகப் போய் இறங்குகிறேன்.

இன்று மாலை நாலரைக்கு லாரி வந்து சேர்ந்தது. குருவானவர் வீடு கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று அறை, ஒரு கிணறு, ஒரு நாய். நாய் முந்தைய ஐயர் விட்டுப்போனது; குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்கிறார்கள். அது என்னைப் பார்த்துக்கொண்டே நின்றதால் நான் லாரியை விட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஊரே பார்த்தது.

சபைச் செயலாளர் கோயில்பிச்சை வரவேற்றார். உரக்கடை வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, தடித்த மீசை, நிதானமான பேச்சு. "எங்க சபைக்கு நூத்தி அறுவது வருசமாச்சும்மா. இதுவரைக்கும் ஆம்பள ஐயருதான் வந்திருக்காவ. மொத மொதல்ல நீங்க. ஒரு கொறையும் வைக்க மாட்டோம், பாத்துக்கிடுங்க" என்றார்.

எமீமாள் சிரித்தாள். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குள் போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். வந்த இடத்தில் முதல் காரியமாக ஜெபம். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை நல்லதல்ல என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மே 28, ஞாயிறு

வருகை: ஆண்கள் 88, பெண்கள் 131, பிள்ளைகள் 47.

எமீமாள் நான்கு மணிக்கே எழுந்து அங்கியை இஸ்திரி போட்டாள். போட்டு முடித்ததை மறுபடியும் போட்டாள். சுத்தத்தில் அவள் அவ்வளவு கவனம். இட்லியைத் தொடவில்லை. உபவாசம் என்று நினைக்கிறேன்.

பிரசங்கம் இருபத்திரண்டு நிமிடம். பீடத்தின் இரண்டு ஓரங்களையும் கடைசிவரை இறுகப் பிடித்தபடி நின்று பேசினாள். கப்பல் தலைவன் நிற்பதுபோல ஒரு கம்பீரம். பின் வரிசையில் ஒருவர் "குரலு மணி மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு முறை இருமினேன்.

மூட்டுவலி பரவாயில்லை.

ஜூன் 2, வெள்ளி

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒன்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளறைக்குப் போக முயன்றேன். அருள்கனி என்ற அம்மாள் விடவில்லை. அறுபத்தைந்து வயதிருக்கும். கோயில்பிச்சையின் அண்ணன் ஏசுவடியான் மனைவி.

"இருங்க சார். எங்க சங்கத்த எப்பமும் ஐயரம்மாதான் நடத்துவாவ. இப்பம் ஐயரே அம்மாவா வந்துட்டாவ. அப்பம் ஐயரம்மா யாரு?"

"யாரு?" என்றேன், தெரியாமல்.

"நீங்கதான்! அடுத்த வெள்ளி நல்ல சீலையா பாத்துக் கட்டிட்டு வாங்க."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். எமீமாளும் சிரித்தாள். கடைசியில் நானும் சிரித்தேன். ஜெபக் குறிப்பு எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் 7, புதன்

முதல் அடக்க ஆராதனை. வயதான பனையேறி ஒருவர். காலையில் எமீமாள் குளியலறையில் நெடுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தாள். தண்ணீர் வீணாவதைப் பற்றி ஒரு நாள் சொல்ல வேண்டும்.

கோயிலில் ஆராதனை நன்றாக நடந்தது. பிறகு சிலுவை முன்னே போக, ஊர்வலமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அது ஊருக்குத் தெற்கே, செம்மணல் தேரி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சுற்றுச்சுவர், வெள்ளையடித்த வளைவு, இரும்புக் கதவு. வாசல் வந்ததும் பெண்கள் எல்லாரும் தாமாகவே நின்றுவிட்டார்கள். எமீமாள் நடந்துகொண்டே இருந்தாள்.

கோயில்பிச்சை குறுக்கே வந்தார். மரியாதையாகத்தான் வந்தார். "அம்மா, இதோட நின்னுக்கிடுங்க. எங்க ஊர்ல அடக்கத்துக்குப் பொம்பளைய உள்ள வாரதில்ல. ஈஸ்டருக்கு மெழுகுவத்தி ஏத்த வருவாவ, அவ்வளவுதான். உள்ள உள்ளத உபதேசியார் வாசிச்சிருவாரு."

குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மோசே பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது. எமீமாள் இறந்தவருடைய மகன்களைப் பார்த்தாள். அவர்களும் தலை நிமிரவில்லை. அழுகிற வீட்டாரை வைத்துக்கொண்டு வாசலில் வழக்காட வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, புத்தகத்தை மோசே கையில் கொடுத்துவிட்டு நின்றுவிட்டாள். நாற்பது நிமிடம் வெயிலில் பெண்களோடு நின்றாள். அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "உள்ள என்ன வாசிச்சாங்கன்னு எனக்குக் கேக்கவே இல்லப்பா."

ஜூன் 11, ஞாயிறு

வருகை: ஆண்கள் 91, பெண்கள் 140, பிள்ளைகள் 52.

அறிவிப்புகளின் முடிவில் எமீமாள் சொன்னாள்: "ஞானஸ்நானம் இந்தக் கையில வாங்குறீங்க. நற்கருணை இந்தக் கையில வாங்குறீங்க. உங்கள மண்ணுல வைக்கவும் இந்தக் கைதான் வரும். அடுத்த அடக்கத்துக்கு நான் உள்ள வருவேன்."

சொல்லிவிட்டு ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டாள். வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்தாள். நானும் வரிசையில் வந்து கைகொடுத்தேன். அவள் கை பனிக்கட்டிபோல இருந்தது. இரத்தசோகையாக இருக்கலாம். முருங்கைக்கீரை வாங்க வேண்டும்.

நவமணி இருந்திருந்தால் இன்று என்ன சொல்லியிருப்பாள்! ஒருமுறை பஸ்ஸில் சில்லறை தர மறுத்த கண்டக்டரை டிப்போ வரைக்கும் துரத்திப் போனவள் அவள். மகள் அப்படியே அவள்தான்.

ஜூன் 13, செவ்வாய்

இது ஐந்தாவது குறிப்பின், அதாவது என் குறைகளின், கீழ் வருவது.

எமீமாள் வீடு சந்திப்புக்குப் போயிருந்த நேரத்தில் கோயில்பிச்சை வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். இந்த ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். ரேஷன் அட்டை, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று மூன்று வாரத்தில் பதினோரு மனு எழுதிவிட்டேன். என் கையெழுத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள். அந்த மெச்சுதல் எனக்குப் பிடித்திருந்தது.

"பேராயருக்கு ஒரு லெட்டரு சார். நான் எழுதுனா உரக்கடை பில்லு மாதிரி இருக்கும். நீங்க எழுதுனா மரியாதையா இருக்கும்."

"எதைப் பற்றி?" என்றேன்.

"கல்லறைத் தோட்டத்தப் பத்தித்தான். அம்மாவுக்கு விரோதமா ஒரு வார்த்த இருக்கப்பிடாது. நான் அம்மாவுக்கு விரோதி இல்ல சார், உங்களுக்கே தெரியும். ஊரு ரெண்டா ஒடையக் கூடாது, அதான். ஒரு தகப்பன் எழுதுனா பக்குவமா எழுதுவாரு."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மை தீர்ந்துவிட்டது" என்றுதான் வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து தம் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

நான்கு பத்தி எழுதினேன். மூன்றாவது பத்தி வருமாறு: "குருவானவர் அம்மையாரின் உடல்நலத்தையும் ஊரின் நீண்டகால வழக்கத்தையும் முன்னிட்டு, அடக்க ஆராதனையில் அவர்களுடைய பணி கல்லறைத் தோட்டத்து வாசலோடு நிறைவு பெறுவதாகக் கொண்டு, அவர்களுக்கு ஏற்ற வேறொரு சபையையும் பரிசீலிக்கும்படி பணிவன்புடன் வேண்டுகிறோம்."

அவர் சொன்னதைத்தான் எழுதினேன். ஆனால் அவர் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. மனுவை அவர்கள் அவள் முன்னிலையிலேயே வாசித்து நிறைவேற்ற வேண்டும், அது விதி. நான் வீட்டில் இருந்தேன். வயிறு சரியில்லை.

ஒன்றரைக்கு எமீமாள் வந்தாள். எனக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். அப்பளத்தை உடைக்காமல் முழுதாக வைத்தாள்.

"மனு நல்லாருந்துச்சுப்பா" என்றாள். "அதிலயும் மூணாவது பத்தி ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கோபித்துக் கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன். இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 20, செவ்வாய்

மனுவைத் திரும்பக் கேட்க உரக்கடைக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, வெள்ளி

மறுபடியும் போனேன். "என்ன சார், ரோஜாச் செடிக்கு உரமா?" என்றார். ஆமாம் என்றேன். ரோஜாச் செடி இல்லை. உரம் இருக்கிறது.

ஜூன் 26, திங்கள்

"அதுவா சார்? நாப்பத்திரண்டு கையெழுத்தோட சனிக்கிழமையே தபால்ல போயிட்டே!"

ஜூலை 5, புதன்

பேராயரின் திருமண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஒரு மூத்த குருவானவர் விசாரணைக்கு வருகிறார். சபையாரின் மனதை அறிந்து இடமாற்றம் பற்றி முடிவு செய்யப்படும்.

எமீமாள் அதை இரண்டு முறை வாசித்து மடித்து மேசைக்குள் வைத்தாள். பிறகு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனாள். பாட்டுச் சத்தம் இங்குவரை கேட்டது. இடமாற்றம் என்று மிரட்டினாலும் பாடுகிறவள். அவள் தைரியத்தைப் பற்றிய நான்காவது குறிப்புக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த மாதம் மூன்று கிலோ குறைந்திருக்கிறாள். தேரிக்காட்டு வெயில்.

ஜூலை 14, வெள்ளி

அருள்கனியம்மாவின் கணவர் ஏசுவடியானுக்கு வீட்டில் நற்கருணை கொடுக்க எமீமாள் போனாள். நற்கருணைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவருக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நுரையீரல் போய்விட்டது. மூச்சு விடுவதற்கு இடையில்தான் பேச முடிகிறது. ஆனாலும் பேசுகிறார்.

"அம்மா, எந்தம்பி ஒங்கள வாசல்லயே எறங்கச் சொல்லுதானாமே."

"ஆமாய்யா."

"அது எப்படி? நான் போற கடைசி வண்டி. கண்டக்டரு பாதியில எறங்கிட்டா டிக்கெட்ட யாரு கிழிப்பா?"

எமீமாள் சிரித்துவிட்டாள். அருள்கனியம்மா சிரிக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தவள், கணவரிடம் சொல்வதுபோல எமீமாளிடம் சொன்னாள்.

"எம் பிள்ளைக்கு நாலு வயசு. காய்ச்சல்ல போனான். அந்த வாசல்லதான் நான் நின்னேன். எந்தக் கையி அவன மண்ணுல வச்சுதுன்னு எனக்குத் தெரியாது. முப்பத்தொம்பது வருசம் ஆச்சு. இவுகளையும் அப்படித் தனியா உள்ள அனுப்ப மாட்டேன். நீங்க உள்ள போனா நானும் ஒங்க பொறத்தாலயே வந்துருவேன். நீங்க நின்னுட்டா என்னாலயும் முடியாதும்மா. எனக்கு அவ்வளவு தைரியம் கெடயாது."

எமீமாள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு, "வருவேன்மா" என்றாள்.

வழியில் நான் கேட்டேன்: "விசாரணைக்கு முன்னால் இப்படி வாக்குக் கொடுக்கலாமா? இருபத்தொன்றாம் தேதி வரைக்குமாவது பொறுத்துப் பார்க்கலாமே."

"ஏசுவடியான் ஐயா அதுவரைக்கும் பொறுக்க மாட்டாருப்பா" என்றாள்.

ஜூலை 30, ஞாயிறு

வருகை: ஆண்கள் 61, பெண்கள் 144, பிள்ளைகள் 50. ஆண்களின் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு ஏசுவடியான் இறந்தார். எமீமாள் ஏழு மணியிலிருந்தே அங்கிருந்தாள். கோயில் மணி எழுபத்தொரு முறை அடித்தது. நான் எண்ணினேன்.

அடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு.

பயந்து மனு எழுதிக் கொடுத்தவன், இனி என்ன கேட்டு ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளை வெட்கப்படுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்றேகாலுக்கு உடை மாற்றும் அறைக்கு எமீமாளின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அங்கியைப் போட்டுக்கொண்டு, சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தாள். அவளுடைய ஜெபம் காதில் விழுந்தது. கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. எப்பவும்போல இருக்கு. காலை மட்டும் நடக்க வையும்."

கண்ணாடியை மேசையில் வைக்காமலே திரும்பி வந்துவிட்டேன். பிறகு கோயில் வாசலில் அவள் கையில் கொடுத்தேன்.

ஊர்வலத்தில் ஆண்கள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சாவு வீட்டுக்கு யாரும் வராமல் இருப்பதில்லை. எமீமாள் பெட்டிக்கு முன்னால் நடந்தாள். அருள்கனியம்மா பெட்டிக்குப் பின்னால், கணவருடைய கடைசிச் சட்டையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஓரமாக நடந்தேன்.

வளைவு தெரிந்ததும் எமீமாள் என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "அப்பா, பக்கத்துல வாங்க. கால் ஆடுது."

எழுபத்தேழு வருடமாக நடுங்கிப் பழகியவன் நான். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. கால் ஆடினால் வேகத்தைக் குறைக்கக் கூடாது, கூட்டக் கூடாது, நிற்கவே கூடாது. முழங்கையை நீட்டினேன். அங்கியின் அகலமான கைக்குள்ளிருந்து அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பார்ப்பவர்களுக்கு மகள்தான் கிழவனைத் தாங்கி வருகிறாள் என்று தோன்றியிருக்கும். அது அப்படியே இருக்கட்டும்.

வாசலில் கோயில்பிச்சை நின்றார். அழுது கண் சிவந்திருந்தது. "அம்மா, எங்க அண்ணன் அடக்கம். இன்னைக்கு வேண்டாம். கும்பிட்டுக் கேக்கேன், இதோட நின்னுக்கிடுங்க. மோசே, நீரு வாரும்."

உபதேசியார் மோசே முன்னால் வந்தார். புத்தகத்தை விரித்தார். மூடினார். "கண்ணாடி எடுத்துட்டு வரல அண்ணாச்சி" என்றார். கண்ணாடி அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு இருந்தது. எல்லாரும் பார்த்தோம். புத்தகத்தை எமீமாளிடம் நீட்டிவிட்டு அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கோயில்பிச்சை என்னைப் பார்த்தார். "சார், மனு எழுதுனது நீங்க. வாசலோட நிறைவு பெறுதுன்னு எழுதுனது நீங்க. ஒங்க மகளுக்கு நீங்களே சொல்லுங்க."

நூறு முகமும் என்னைப் பார்த்தன. நாற்பத்திரண்டு கையெழுத்துக்காரர்களும் அதில் இருந்தார்கள். எமீமாளின் விரல்கள் என் முழங்கையில் இருந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் பின்னால் இழுக்கவில்லை.

"எழுதினது நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "நம்பி எழுதவில்லை, கோயில்பிச்சை. உங்களுக்குப் பயந்து எழுதினேன்."

கூட்டத்தில் யாரோ, "அவரு நம்ம ஐயர் வீட்டு நாய்க்கே பயப்படுவாரே" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். அடக்கத்தில் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் அந்தச் சிரிப்பில் இறுக்கம் விட்டது. ஏசுவடியான் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

"இப்போதும் பயம்தான்" என்றேன். "ஆனாலும் சொல்கிறேன். என் மகள் உள்ளே போவாள். வழி விடுங்கள்."

கோயில்பிச்சை அசையவில்லை. அப்போது பெட்டிக்குப் பின்னாலிருந்து அருள்கனியம்மா முன்னே வந்தாள்.

"மைனி, நில்லுங்க" என்றார் அவர்.

"கோயிலு, வழிய விடுப்பா" என்றாள். அதட்டவில்லை. சின்னவனிடம் சொல்வதுபோல இருந்தது. "நாப்பத்தாறு வருசம் அவுக கூட நடந்துருக்கேன். இன்னும் இருவது அடிதான இருக்கு."

அவர் விலகினார் என்று சொல்ல முடியாது. தோளை மட்டும் திருப்பினார். ஒரு ஆள் நுழைய இடம் உண்டானது. எமீமாள் என் முழங்கையை விட்டுவிட்டு அந்த இடத்தில் நுழைந்தாள். அவள் பின்னால் அருள்கனியம்மா. அவர்களுக்குப் பின்னால் பெட்டி. பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் வந்தார்கள். என்னால் எண்ண முடியவில்லை. இந்த ஆராதனைக்கு வருகைக் கணக்கு இல்லை.

குழிக்கருகே எமீமாளின் குரல் முதல் இரண்டு வரி உடைந்தது. மூன்றாவது வரியில் நின்றது. அதன் பிறகு அது தேரி மணல்மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. மண்ணைப் பற்றிய வரிகள் வந்தபோது குனிந்து செம்மண்ணை அள்ளி, மூன்று முறை போட்டாள். அடுத்த பிடியை அருள்கனியம்மாவின் கையில் கொடுத்தாள்.

அந்த அம்மாள் மண்ணைப் போடுவதற்கு முன் குனிந்து, "பாத்துப் போங்க" என்றாள். பஸ் எடுக்கப் போகும்போது தினமும் அப்படித்தான் சொல்லுவாளாம். பிறகு எமீமாள் அவளை மூன்று வரிசை தள்ளி ஒரு சின்னக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். இருவரும் அங்கே மண்டியிட்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியை ஊன்றியபடி காத்திருந்தார்கள்.

என் மகளை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கியின் ஓரம் முழுக்கச் செம்மண்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வருகை: ஆண்கள் 83, பெண்கள் 152, பிள்ளைகள் 49.

மத்தியானம் கோயில்பிச்சை வந்தார். வாழைப்பழம் இல்லை. எமீமாளைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"விசாரணைக்கு ஐயரு வந்தா நான் என்ன சார் சொல்ல? மைனி மண்ணு போட்டத நான் பாத்தேன். அன்னையிலருந்து அவுக வீட்ல ஒழுங்கா சாப்புடுதாவ, தூங்குதாவ. எங்கம்மா எங்கப்பா செத்தப்பறம் ஒரு வருசம் பேசல சார்." சிறிது நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு லெட்டரு எழுதித் தாங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதப்பிடாது. அந்த மனு இனி தேவையில்லன்னு மட்டும் எழுதுங்க."

இம்முறை மை இருந்தது. மூன்று வரியில் முடித்தேன். கையெழுத்துப் போடும்போது, "அன்னைக்கு எனக்குப் பயந்துதான் எழுதுனீங்களா, நெசமாவா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"நான் அவ்வளவு மோசமா சார்?"

"இல்லை. நான் அவ்வளவு மோசம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல்வரை வந்து நாயைப் பிடித்துக்கொண்டார், நான் கேட்டைச் சாத்த.

ஆகஸ்ட் 14, திங்கள்

இன்று எமீமாளுக்கு ஓய்வு நாள். காலையில் கிணற்றடியில் அங்கியை ஊறவைத்துத் துவைத்தாள். செம்மண் கறை போகவில்லை. நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். அப்போது கேட்டேன், உடை மாற்றும் அறையில் ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொண்டு.

"எப்பவும்போல என்றாயே. எப்போதிருந்து?"

"ஒவ்வொரு தடவையும்தான். பீடத்துல ஏறும்போது, சாவு வீட்டுக்குப் போகும்போது, கமிட்டிக்குப் போகும்போது. வாந்தி வரும். குழாயத் திறந்து விட்டுக்குவேன், உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு." சோப்பைத் தேய்த்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "பயம் போகணும்னு ஏழு வருசம் ஜெபம் பண்ணேன். போகல. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு விட்டுடலாம்னுகூட இருந்தேன். அப்புறம் ஜெபத்த மாத்திட்டேன். பயம் இருந்துட்டுப் போகட்டும், போக வேண்டிய இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போம்னு. அதுக்கு மட்டும் அவர் ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லப்பா."

"உன் அம்மாவின் தைரியம் உனக்கு என்று நினைத்திருந்தேன்."

"அம்மாவா? அம்மாவுக்குத்தான் பயமே தெரியாதே. அவங்ககிட்ட நான் என்னத்தக் கத்துக்கிறது?" அங்கியைப் பிழிந்து என் கையில் ஒரு முனையைக் கொடுத்தாள். "நீங்க பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தினமும் கதவுநிலையப் பிடிச்சுட்டு ஒரு நிமிஷம் நிப்பீங்க. கண்ண மூடிக்குவீங்க. அப்புறம் போவீங்க. லீவு போடவே மாட்டீங்க. நான் சின்னப் பிள்ளைல அதப் பாத்துட்டே இருப்பேன்."

முறுக்கி உலர்த்தினோம்.

பகலில் இந்த நோட்டைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்திலேயே, தேதியோடு, தெளிவாக இருக்கிறது. எழுதியவனுக்குத்தான் விளங்கவில்லை. முதல் பக்கத்தின் நான்காவது குறிப்பில் நான்கு வாக்கியம். 'என் மகளுடைய தைரியம்' என்ற முதல் வாக்கியம் நிற்கட்டும். முன்னைவிட உறுதியாக நிற்கட்டும். அதற்கு அடுத்ததாக, அவளுக்குப் பயம் என்பது கிடையாது என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.